எம்டன் போர்க்கப்பல் 1/50 மாதிரி: கோளாறு தெரியும் இடமும் அது பிறந்த இடமும்

1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். டான்சிக் கப்பல்தளத்தில் கட்டி 1908 மே 26 அன்று நீரில் இறக்கிய அந்த இலகு ரகக் குரூசரின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், நீரில் அமிழும் ஆழம் 5.53 மீட்டர், இயல்பான எடை 3,664 டன்.

1/50 அளவில் இது 2,366 மி.மீ. நீளம், 270 மி.மீ. அகலம், 110.6 மி.மீ. ஆழம் என்று வரும். எடையை 50-ஆல் வகுக்கக் கூடாது. 50-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 1,25,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 29.3 கிலோ. இந்த நான்கு எண்களையும் பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கீழே வரும் பாதிக் கோளாறுகளை இவற்றோடு ஒப்பிட்டே கண்டுபிடிக்கலாம்.

கிட் எதுவும் இல்லாமல், மரத்திலிருந்தும் தகட்டிலிருந்தும் தொடங்கிக் கட்டுபவர்களுக்கானது இந்த வழிமுறை. உங்கள் கண்ணில் படும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் பள்ளம் நிரப்பும் பட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுங்கள். இவ்வளவு பெரிய மாதிரியில் பிழை ஓரிடத்தில் பிறந்து, இரண்டு மூன்று கட்டம் தள்ளி வேறோர் இடத்தில்தான் முகம் காட்டும்.

பின்பக்கப் படத்தில் நான்கு புரொப்பெல்லர் தண்டுகள் இருக்கின்றன

உங்கள் கையில் இருப்பது எம்டனின் படமல்ல, அதன் சகோதரக் கப்பலான டிரெஸ்டனின் படம். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். டிரெஸ்டனில் நீராவி டர்பைன்கள், நான்கு தண்டுகள். எம்டனில் பழைய முறை மும்மடி விரிவு நீராவி எஞ்சின்கள் இரண்டு, தண்டுகளும் இரண்டே. முன்பாதிக்கு அந்தப் படம் உதவும். பின்பக்கத்தில் தண்டு வெளிவரும் இடம், அதைத் தாங்கும் கால்கள், அங்கே உடல் வளையும் விதம் ஆகியவற்றுக்கு எம்டனின் படமேதான் வேண்டும்.

இரண்டு புகைபோக்கியும் 15 செ.மீ. பீரங்கிகளும் தெரிந்தால் அது 1925-ல் நீரில் இறங்கிய மூன்றாம் எம்டன். நம்முடையதற்கு மூன்று புகைபோக்கி, பத்து 10.5 செ.மீ. பீரங்கி: முன்னே இரண்டு பக்கம் பக்கமாக, பின்னே இரண்டு அதேபோல, நடுவில் இருபுறமும் மும்மூன்று. சில படங்களில் நான்காவது புகைபோக்கி இருக்கும். பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றுவதற்காக மாலுமிகள் வைத்துக்கொண்ட பொய்ப் புகைபோக்கி அது. 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் அதை வைத்துக்கொண்டுதான் நுழைந்தார்கள். கழற்றி மாட்டும்படி தனியாகச் செய்துகொண்டால் ஒரே மாதிரியில் இரண்டு தோற்றமும் கிடைக்கும்.

பாகங்கள் படத்தோடு ஒத்துப்போகின்றன, ஆனால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

பிரிண்ட் இழுபட்டிருக்கிறது. பெரிய பிளாட்டரில் தாள் உருளைகளுக்கு நடுவே ஓடும் திசையில் ஒரு அளவும் குறுக்கே வேறு அளவும் வருவதுண்டு. 1 சதவீதம் பிசகினாலே 2,366 மி.மீ. நீளத்தில் 24 மி.மீ. கூடிவிடும். கோப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் படத்தின் மேல் நெடுக்காகவும் குறுக்காகவும் 500 மி.மீ. கோடுகளை வரைந்து சேர்த்துவிடுங்கள். அச்சிட்டு வந்ததும் எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள், துணி டேப்பை நம்ப வேண்டாம். வங்குகளுக்கான (உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களுக்கான) படங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தாளில் எடுங்கள். மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக எடுத்தால் தாளே வேறு அளவுக்கு விரிந்திருக்கும்.

உடல் 7 மி.மீ. அகலமாக வந்துவிட்டது

முதன்முறை கட்டுபவர்கள் அநேகமாக எல்லோரும் விழும் குழி இது. படத்தின் கோடு கப்பலின் வெளித்தோலைக் காட்டுகிறது. அதே கோட்டில் வங்கை வெட்டி, அதன்மேல் 3 மி.மீ. பட்டையும் கண்ணாடி இழைத் துணியும் ஒட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 3.5 மி.மீ. கூடும். அடியிலும் அதே அளவு இறங்கும். மொத்தத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல் நீரை அந்த உடல் ஒதுக்கும். பின்னால் மேல்தளப் பாகங்கள் எதுவும் ஓரத்தோடு சேராது.

வங்கை வெட்டுமுன் கோட்டுக்கு உள்ளே 3.5 மி.மீ. விட்டு இரண்டாம் கோடு வரையுங்கள். நடுப்பகுதிக்கு இது போதும். முன்முனையில் பட்டை வங்கைச் சாய்வாகக் கடக்கிறது. அங்கே 30 டிகிரி சாய்வு இருந்தால் 3 மி.மீ. பட்டை வங்கின் தளத்தில் 3.5 மி.மீ. இடத்தைப் பிடிக்கும், கழிக்கும் அளவும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

ஏற்கெனவே பட்டை ஒட்டி முடித்திருந்தால், 3 மி.மீ. பட்டையை 2 மி.மீ. வரை இழைத்து அகலத்தில் 2 மி.மீ. குறைக்கலாம். அதற்குமேல் போனால் ஓட்டை விழும். மிச்சப் பிழையை ஏற்றுக்கொண்டு, மேல்தள ஓரத்தை மட்டும் புதிய அளவுக்கு வெட்டுங்கள். புகைபோக்கி, பீரங்கி மேடை ஆகியவற்றை நடுக்கோட்டிலிருந்து அளந்து வையுங்கள். ஓரத்திலிருந்து அளந்தால் பிழை அவற்றுக்கும் தொற்றிக்கொள்ளும்.

முன்னிருந்து பார்த்தால் உடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது

600 மி.மீ. நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டைகள் இரண்டை எடுங்கள். ஒன்றை முன்பக்க வங்கின் மேலும் மற்றதைப் பின்பக்க வங்கின் மேலும் குறுக்காக வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பட்டை நுனிகளில் 3 மி.மீ. வேறுபாடு என்றால் 270 மி.மீ. அகலத்தில் அது 1.3 மி.மீ. தான். அவ்வளவு இருந்தால் விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் திருத்த வேண்டும்.

காரணங்கள் மூன்று. கட்டும் பலகை சமமாக இல்லாதது முதலாவது. எட்டடி பிளைவுட் 2,440 மி.மீ. இருக்கும், நம் மாதிரி அதில் இரு முனையிலும் 37 மி.மீ. விட்டுச் சரியாக அமரும். ஆனால் ஒற்றைப் பலகை தன் எடையிலேயே தொய்யும். 19 மி.மீ. பலகையின் அடியில் இரண்டு அலுமினியப் பெட்டிக் குழாய்களைத் திருகி, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் நான்கு மூலையையும் சரிபாருங்கள். இரண்டாவது, ஒரு பக்கம் ஐந்தாறு பட்டைகளை ஒட்டிய பிறகு மறுபக்கம் போவது. ஈரப் பசை காயும்போது மரத்தை இழுக்கும். இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறித்தான் போக வேண்டும். மூன்றாவது, ஈர மரம்.

திருத்தம் எந்தக் கட்டத்தில் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டைகள் பாதிவரை மட்டும் ஏறியிருந்தால் உடலைப் பலகையோடு இறுக்கிக் கட்டி, எதிர்ப்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாக ஒட்டினால் திரும்பிவிடும். முழுவதும் மூடியிருந்து ரெசின் போடவில்லை என்றால், இருபுறமும் ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையை) ஒட்டிய இணைப்பை நீளவாக்கில் அறுத்துவிடுங்கள். உடலை எதிர்த்திசையில் சற்றுக் கூடுதலாகவே முறுக்கிப் பலகையோடு பூட்டுங்கள். பிளவில் எபாக்சி நிரப்பி, பூட்டைக் கழற்றாமலே உட்புறம் கண்ணாடித் துணி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். வெளியே ரெசின் ஏறிய பிறகு கண்டுபிடித்தால் உடலைத் தொடாதீர்கள். நீர்க்கோட்டை டியூப் லெவலால் புதிதாகக் குறித்து, மேல்தளத்தை அந்தக் கோட்டுக்கு இணையாக அமையுங்கள். பார்ப்பவர் கண் தளத்தையும் கம்பங்களையும்தான் பிடிக்கும், உடலின் அடிப்பக்கத்தை யாரும் மட்டம் வைத்துப் பார்ப்பதில்லை.

விலா எலும்பு மாதிரி வங்குகள் தெரிகின்றன

சாய்வாக விளக்கைப் பிடித்தால் உடல் முழுக்க மேடும் பள்ளமும். வங்குகளுக்கு இடையே தூரம் அதிகம். 20 குறுக்குவெட்டுகள் உள்ள படத்தை அப்படியே பின்பற்றினால் இடைவெளி 118 மி.மீ. வரும், 3 மி.மீ. பட்டை நடுவில் உள்வாங்கிவிடும். நடுவில் ஒவ்வொரு வங்கு சேர்த்து 60 மி.மீ.-க்குக் கொண்டுவாருங்கள். முன்முனையில் நீருக்கடியில் முட்டித் துருத்தும் இடிமுனை இருக்கிறது. அங்கே பட்டையை வளைக்கவே வேண்டாம், இரண்டு மரக்கட்டைகளை ஒட்டிச் செதுக்குங்கள்.

பட்டை போடுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். 5 மி.மீ. சதுரக் குச்சி ஒன்றைக் குறைந்தது ஏழு வங்குகளைத் தொடும்படி வளைத்து வையுங்கள். ஒரு வங்கில் மட்டும் இடைவெளி தெரிந்தால் அந்த வங்கு தாழ்ந்திருக்கிறது, துண்டு பிளைவுட் ஒட்டி உயர்த்துங்கள். ஒரு வங்கில் குச்சி முட்டி நின்றால் அதை இழையுங்கள்.

பள்ளங்களை என்.சி. பட்டியால் நிரப்பாதீர்கள். அது வாரக்கணக்கில் சுருங்கும், பெயின்ட் அடித்த பிறகு பள்ளம் மறுபடி வாய் திறக்கும். எபாக்சியில் மைக்ரோபலூன் (நுண்ணிய உள்ளீடற்ற மணிகள்) தூளைக் குழைத்து, வேர்க்கடலை வெண்ணெய்ப் பதத்தில் பூசுங்கள். தேய்க்க 400 மி.மீ. நீளக் கட்டையில் ஒட்டிய உப்புத்தாள் வேண்டும், 80-ல் தொடங்கி 120. விரலால் பிடித்துத் தேய்த்தால் பள்ளம் ஆழமாகும். கட்டையை 45 டிகிரி சாய்வாக, இரு திசையிலும் ஓட்டுங்கள்.

ரெசின் பிசுபிசுக்கிறது, அல்லது ஊசித் துளைகள் விழுகின்றன

முதலில் எந்த ரெசின் என்று பிரியுங்கள். பாலியெஸ்டரில் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுத்து நகத்துக்கு அடியில் கெட்டியாக இருந்தால் அது கோளாறே அல்ல. காற்று படும் மேல்தோல் முழுமையாக இறுகாது. அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டு மேலே தொடரலாம். நகம் உள்ளே இறங்கினால் ஹார்ட்னர் குறைவு. எடையில் 1 முதல் 2 சதவீதம் வேண்டும். கடையில் ரெசினோடு கோபால்ட்டும் ஹார்ட்னரும் தனித்தனிக் குப்பியில் தருவார்கள். இந்த இரண்டையும் நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும். ரெசினில் கோபால்ட்டை முழுதாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னர்.

மரத்தின் மேல் எபாக்சியே நல்லது. பாலியெஸ்டர் மரத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை, சில ஆண்டுகளில் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். எபாக்சி பிசுபிசுத்தால் விகிதம் தவறியிருக்கிறது. எடை விகிதமும் கொள்ளளவு விகிதமும் ஒன்றல்ல, குப்பியில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சீக்கிரம் காய ஹார்ட்னரைக் கூட்டும் பழக்கம் பாலியெஸ்டரிலிருந்து வந்தது. எபாக்சியில் அது ஒருநாளும் இறுகாத பசையைத்தான் தரும். அப்படி ஆகிவிட்டால் மேலே புதிதாகப் பூசி மூட முயலாமல், சுரண்டி எடுத்துத் தின்னரால் துடைத்து மறுபடி தொடங்குங்கள்.

இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு தடவியதுபோல வழுவழுப்பு இருந்தால், அது ஈரக்காற்றில் ஹார்ட்னர் வெளியே விட்ட படலம். கடற்கரை ஊர்களில் இது தப்பாமல் வரும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும், கழுவிவிடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தப் படலம் மேற்பரப்புக்குள் அழுந்தும், பிறகு பெயின்ட் நிற்காது.

ஊசித் துளைக்குக் காரணம் மரத்துக்குள் இருக்கும் காற்று. வெயில் ஏற ஏற அது விரிந்து ரெசினைத் துளைத்து வெளியேறுகிறது. வெப்பம் இறங்கும் நேரத்தில், அதாவது மாலை நாலு மணிக்கு மேல் பூசினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். இந்த ஒரு மாற்றம் துளைகளில் பெரும்பகுதியை நிறுத்திவிடும்.

அளவு: வெளிப்புறம் ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர். 160 கிராம் துணி இரண்டு அடுக்கும், நிரப்புப் பூச்சு உட்பட 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை எபாக்சியும் வாங்குங்கள். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காமல், அகலமான தட்டில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். குவளையில் 300 கிராம் நின்றால் தானே சூடேறிப் புகையும். உட்புறத்தையும் ஒரு கை பூச மறக்காதீர்கள். வெளியே மட்டும் மூடிய மரம் கோடையில் உள்ளிருந்து காய்ந்து இணைப்புகளைத் திறந்துவிடும்.

வட்ட ஜன்னல்களின் வரிசை அலைகிறது

இந்தக் கப்பலின் பக்கவாட்டு அழகே ஜன்னல் வரிசைதான். அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் கண் பிடித்துவிடும். உடல் வளைவாக இருக்கும்போது நேரான அளவுகோலால் குறித்ததுதான் பொதுவான காரணம். உடலைப் பலகையில் நேராக நிறுத்தி, உயரம் குறிக்கும் கேஜால் பலகையிலிருந்து அளந்து குறியுங்கள். வரிசை நீர்க்கோட்டுக்கு இணையா, தளத்தின் வளைவோடு போகிறதா என்பதைப் படத்தில் ஒவ்வோர் ஐந்து ஜன்னலுக்கும் அளந்து பாருங்கள்.

குறி சரியாக இருந்தும் துளை நகர்ந்திருந்தால், கண்ணாடி இழைமேல் துரப்பணம் வழுக்கியிருக்கிறது. 1 மி.மீ. துளை முதலில், பிறகு முழு அளவு. 10 மி.மீ. தடிப் பித்தளைத் துண்டில் செங்குத்தாக ஒரு துளையிட்டு அதை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. தவறிய துளையைப் பட்டியால் அடைக்காதீர்கள், பக்கத்தில் மறுபடி துளைக்கும்போது பொலபொலவென்று உதிரும். மரக்குச்சியை எபாக்சியில் தோய்த்து அடித்து, காய்ந்த பின் துளையுங்கள்.

உடலின் தகடுகளைத் தனித்தனியாக ஒட்டுபவர்கள் தடிப்பைக் கவனிக்க வேண்டும். உண்மைக் கப்பலில் 10 மி.மீ. தகடு என்றால் இங்கே 0.2 மி.மீ. தான். 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் ஓடு வேய்ந்த கூரைபோல ஆகிவிடும். 0.13 மி.மீ. தாள் போதும். அது கொப்பளித்தால், ரப்பர் பசையின் கரைப்பான் ஆவியாகுமுன் அழுத்திவிட்டீர்கள். இரு பக்கமும் பூசி, விரல் ஒட்டாத வரை காத்திருந்து ஒட்டுங்கள்.

பத்துப் பீரங்கியும் பத்து மாதிரி இருக்கின்றன

10.5 செ.மீ. குழலின் முழு நீளம் 4.2 மீட்டர், நமக்கு 84 மி.மீ. குழல்வாய் 2.1 மி.மீ. பித்தளைத் தண்டைச் சிறு லேத்தில் கடையும்போது அலை அலையாகக் கோடு விழுந்தால், தண்டு பிடியில்லாமல் வெளியே நீண்டு அதிர்கிறது. குழல்வாயை முதலில் 10 மி.மீ. ஆழம் துளையுங்கள். அந்தத் துளையிலேயே பின்முனை ஊசியைப் பொருத்தி, பிறகு வெளிப்புறம் கடையுங்கள். அதிர்வும் நிற்கும், துளை நடுவிலும் இருக்கும். கடைந்த பிறகு துளைத்தால் பத்தில் மூன்றேனும் பக்கவாட்டில் கிழியும்.

சாய்வின் நடுவே படி விழுந்தால், மேல்ஸ்லைடின் ஓட்டம் 84 மி.மீ.-க்குப் போதவில்லை. பின்முனையை நகர்த்திச் சாய்வு கடையுங்கள். பத்தையும் முடித்த பிறகே அதைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள், நடுவில் மாற்றினால் அதே சாய்வு மறுபடி கிடைக்காது. பன்னிரண்டு செய்து நல்ல பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லேத் இல்லாதவர்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பித்தளைக் குழாய்களை அடுக்கி, இணைப்பில் சால்டர் நிரப்பி அரத்தால் சாய்வு கொடுக்கலாம்.

பூட்டுப் பகுதிக்கும் தாங்கிக்கும் நல்ல ஆதாரம் உண்டு. எம்டனின் உண்மைப் பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பூங்காவில் நிற்கிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த ஒளிப்படங்களைத் தேடி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கேடயத்தின் பிளாஸ்டிக் வளைவு நிமிர்ந்துகொண்டே இருந்தால், குழாய்மேல் சுற்றிக் கட்டி, கொதி அடங்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, கட்டோடு குளிரவிடுங்கள்.

3டி பிரிண்ட் பாகங்கள் வளைகின்றன, வெடிக்கின்றன

பி.எல்.ஏ. என்ற அச்சுப் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் புகைபோக்கி சாய்வதற்கு இதுவே காரணம். வெளியே எடுத்துச் செல்லும் மாதிரிக்குப் பி.எல்.ஏ. வேண்டாம்.

ரெசின் பிரிண்ட் சில வாரம் கழித்துத் தானாக விரிசல் விட்டால், உள்ளே இறுகாத ரெசின் சிக்கியிருக்கிறது. உள்ளீடற்ற பாகத்தில் 3 மி.மீ. துளை இரண்டு, எதிரெதிர் முனையில் வைத்து, ஆல்கஹாலை உள்ளே செலுத்திக் கழுவி, சிறு புற ஊதா விளக்கை உள்ளே நுழைத்து இறுக வையுங்கள். விரிசல் விட்டதை ஒட்டிப் பயனில்லை, திரும்ப அச்சிடுங்கள்.

மூன்று புகைபோக்கியும் நேர்க்கோட்டில் இல்லை என்று தோன்றினால், கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனைவரை நடுக்கோட்டின் மேல் நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒவ்வொன்றின் நடுவையும் பாருங்கள். சாய்வு மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே அட்டை முக்கோணத்தை மூன்றின் பின்னாலும் வைத்துச் சோதிக்கலாம்.

ஒரு இணைப்பை சால்டர் செய்தால் பக்கத்தது கழன்று விழுகிறது

கம்பத்திலும் கைப்பிடிக் கம்பிகளிலும் இது நடக்கும். முதல் இணைப்புகளை வெள்ளிப் பற்றில் செய்யுங்கள், அடுத்தவற்றை 183 டிகிரியில் உருகும் 63/37 ஈயப்பற்றில். ஏற்கெனவே முடிந்த இணைப்பில் ஈரத் தாளைச் சுற்றி வையுங்கள். சூட்டுக்கோல் சிறியதாக இருந்தால் பாகம் முழுதும் சூடேறும் வரை அழுத்திக்கொண்டிருப்பீர்கள். பெரிய முனையை இரண்டு விநாடி வைத்து எடுப்பதே பக்கத்து இணைப்புக்குப் பாதுகாப்பு.

சில மாதத்தில் பெயின்டுக்கு அடியில் பச்சை பூத்தால் அது கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் (பற்று ஒட்டுவதற்காகத் தடவும் பசை). சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல்துலக்கியால் அன்றைக்கே தேய்த்துக் கழுவிவிடுங்கள். உடனடிப் பசையைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்தால் பசை அதிகம், காற்றோட்டம் குறைவு. ஊசி நுனியில் தொட்டு வையுங்கள், பக்கத்தில் மின்விசிறியை மெல்ல ஓடவிடுங்கள்.

கம்பங்களுக்கு இடையேயான கம்பிகள் மழைக்காலத்தில் தொய்ந்தால் நீங்கள் பருத்தி நூல் போட்டிருக்கிறீர்கள். உண்மையில் 12 மி.மீ. கம்பி இங்கே 0.24 மி.மீ. நீளும் லைக்ரா நூல் இதற்குப் பொருத்தம்: தொய்யாது, கை பட்டாலும் கம்பத்தை ஒடிக்காது.

பெயின்ட் வெளுக்கிறது, சுருங்குகிறது, டேப்போடு உரிகிறது

லாக்கர் அடித்த சில நிமிடத்தில் பால்போல வெளுத்தால், ஆவியாகும் தின்னர் குளிர்ந்து காற்றின் ஈரத்தை மேலே படிய வைத்துவிட்டது. மழைநாளில் அடிக்காதீர்கள். அவசரமென்றால் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் சேர்க்கலாம். வெளுத்ததன் மேல் வெறும் ரிட்டார்டரை மெல்லிதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தோல்போலச் சுருங்கினால் எனாமலின் மேல் லாக்கர் போட்டிருக்கிறீர்கள், முழுதும் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகினால் எண்ணெய் அல்லது சிலிக்கோன். டேப்போடு பித்தளையிலிருந்து உரிந்தால் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் போடவில்லை. நீர்க்கோட்டின் டேப்புக்கு அடியில் நிறம் கசிந்தால் அடுத்த முறை டேப் ஒட்டியதும் பழைய நிறத்தையே ஓரத்தில் ஒரு தடவை தெளியுங்கள். கசிவது அதே நிறமாக இருக்கும், பிறகு புது நிறம் அடித்தால் கோடு கத்திபோல வரும்.

நிறத்தில் ஒரு தேர்வு உண்டு. அமைதிக் காலத்தில் கிழக்காசியாவில் இருந்த எம்டன் வெள்ளை உடல், மஞ்சள் கலந்த புகைபோக்கி. சென்னைக்கு வந்தபோது போர்க்காலச் சாம்பல். வெள்ளை எம்டனுக்குப் பொய்ப் புகைபோக்கி மாட்டினால் அது எந்த நாளின் கப்பலும் அல்ல.

தண்ணீரில் சாய்கிறது, தள்ளாடுகிறது

குளத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டிலேயே சோதியுங்கள். செங்கல்லும் மரச்சட்டமும் வைத்து 2.6 மீட்டருக்கு 45 செ.மீ. தொட்டி அமைத்து, உள்ளே தார்ப்பாய் விரித்தால் 20 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 235 லிட்டர் போதும்.

கப்பலை எல்லாப் பாகங்களோடும் எடை பாருங்கள். 29.3 கிலோவுக்குக் குறையும் எடைதான் நீங்கள் அடியில் வைக்க வேண்டிய பளு. 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரி இரண்டு போட்டால் நாலைந்து கிலோ அதிலேயே கிடைத்துவிடும். மிச்சத்துக்கு ஈயக் குண்டுகளைச் சிறு பைகளில் கட்டி, இடம் உறுதியாகும் வரை ஒட்டாமல் வையுங்கள். ஒரு கிலோ கூடினால் கப்பல் ஏறத்தாழ 2 மி.மீ. அமிழும். நீர்க்கோடு 10 மி.மீ. அடியில் போனால் ஐந்து கிலோ அதிகம் என்று அங்கேயே கணக்குச் சொல்லலாம்.

நிலைத்தன்மையை அளக்கும் முறை:

1. தளத்தின் நடுவில் 300 மி.மீ. நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அடியில் அளவுகோல் வையுங்கள்.
2. 100 கிராம் எடையைத் தளத்தின் நடுவில் வைத்து, பிறகு பக்கவாட்டில் 100 மி.மீ. நகர்த்துங்கள்.
3. குண்டு எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று பாருங்கள்.
4. 100-ஐ 100-ஆலும் 300-ஆலும் பெருக்கி, 29,300-ஆலும் நகர்ந்த அளவாலும் வகுங்கள்.

குண்டு 10 மி.மீ. நகர்ந்தால் விடை சுமார் 10 மி.மீ. இது கப்பலைத் திரும்ப நிமிர்த்தும் வலுவின் அளவு. 10-க்குக் குறைந்தால் காற்றுள்ள நாளில் ஓட்டாதீர்கள். 12 முதல் 20 வரை நிம்மதி. குறைவாக இருந்தால் மேலே எடை அதிகம்: பித்தளைக் கம்பங்கள், தடித்த தளம், கனமான புகைபோக்கிகள். அடியில் ஈயம் சேர்க்க முடியாது, எடை வரம்பு முடிந்துவிட்டது. மேலே உள்ளதைக் குறைத்து, அந்த அளவு ஈயத்தைக் கீழே வைக்க வேண்டும்.

ஒரு பக்கம் நிரந்தரமாக 2 டிகிரி சாய்ந்தால், அந்த வலு 12 மி.மீ. இருக்கும் கப்பலில் சுமார் 120 கிராமை 100 மி.மீ. எதிர்ப்பக்கம் நகர்த்தினால் நிமிரும். சாய்வு இடமும் வலமும் மாறி மாறி விழுந்தால் நகர்த்திப் பயனில்லை. ஒன்று, மேலே எடை அதிகம். அல்லது உள்ளே தண்ணீர் புகுந்து அலைகிறது. உட்புறத்தை நீளவாக்கில் தடுப்பு வைத்துப் பிரித்தால் கொஞ்சம் நீர் கசிந்தாலும் அது ஒரே பக்கம் ஓடிக் கவிழ்க்காது.

அதிர்கிறது, மோட்டார் சுடுகிறது, திரும்ப மறுக்கிறது

தண்டையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகினால் தண்டு வளைந்திருக்கிறது. சீராகச் சுற்றினால் மோட்டார் நேர்க்கோட்டில் இல்லை. கப்ளிங் இருக்கிறதே என்று கோணத்தை விட்டுவிடாதீர்கள், மோட்டாரின் அடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். தண்டுக் குழாய் வழியே நீர் வந்தால் கிரீஸ் தீர்ந்துவிட்டது. குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கும்படி கட்டியிருந்தால் கிரீஸ் தீர்ந்தாலும் கப்பல் மூழ்காது.

மோட்டார் சுட்டால் தொட்டியில் கட்டி வைத்து வாட்மீட்டரில் மின்னோட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் புரொப்பெல்லரின் பிட்ச் (இதழ்களின் சாய்வு) அதிகம். வேகம் தேவையே இல்லை: 23.5 நாட் வேகத்துக்கு 1/50-ல் விநாடிக்கு 1.7 மீட்டர் போதும், நடப்பதைவிடச் சற்று விரைவு. அதற்குமேல் போனால் முன்முனை அலை தளத்தில் ஏறும்.

கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே ரேடியோ தொடர்பு அறுந்தால் ரிசீவரின் ஆன்டெனா நீர்க்கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆன்டெனாவை மேல்கட்டுக்குள் ஏற்றுங்கள்.

சுக்கான் முழுதும் திரும்பியும் கப்பல் மெல்லத்தான் வளைகிறது என்றால் அளவில் தவறில்லை. கப்பலைச் சுருக்கினோம், தண்ணீரைச் சுருக்க முடியவில்லை. நீருக்கடியில் தெரியாத இடத்தில் சுக்கானின் பரப்பை 20 முதல் 30 சதவீதம் கூட்டலாம். அதைத் தொட மனமில்லாதவர்கள் இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாடு வைத்து, திரும்பும்போது உட்பக்கத் தண்டின் வேகம் 30 சதவீதம் குறையும்படி ரேடியோவில் மிக்ஸ் செய்துகொள்ளுங்கள். அப்போதும் போதவில்லை என்றால் ஐந்தைந்து சதவீதமாகக் கூட்டிப் பாருங்கள்.